கொடி சுற்றிப் பிறந்தவர்: பாம்பன் கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2024 பிப்ரவரியில், இராமேசுவரம் தீவிலுள்ள ஒரு மீனவக் குடியிருப்பிலிருந்து 23 வயது இளைஞர் ஒருவரை அவருடைய பெற்றோர் மனநலச் சிகிச்சைக்கு என்னிடம் அழைத்து வந்தார்கள். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். அம்மா கடற்பாசி எடுப்பவர். இளைஞர் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு அப்பாவோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். வந்த நேரத்தில் அவர் தொழிலுக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. குடும்பத்தின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

2022 கடைசியில் அவருக்கு முதலில் தூக்கம் கெட்டிருக்கிறது. அப்புறம் படகிலிருக்கும் வயர்லெஸ் செட்டில் மற்றப் படகுக்காரர்கள் பேசிக்கொள்வதெல்லாம் தன்னைப் பற்றித்தான் என்று சொல்ல ஆரம்பித்தார். செட்டை அணைக்கச் சொன்னார். அணைத்த பிறகும் அதில் குரல் வருகிறது என்றார். ஒரு நாள் ராத்திரி, வலை விரித்திருக்கும்போது, செட்டைப் பிடுங்கிக் கடலில் எறிந்துவிட்டார். படகு முதலாளி அதோடு அவரை வேண்டாம் என்றுவிட்டார். வீட்டுக்குள் அடைந்தார், குளிப்பதில்லை, சாப்பாட்டுத் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார்.

‘இலங்கைக் கடற்படை என்னைத் தேடுகிறது’ என்பது அவருடைய முதல் புகார். வெளியூரிலிருந்து பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள் இந்த இடத்தில் சறுக்குவதுண்டு. இந்தக் கரையில் அது நோய்க்குறியே அல்ல. தீவில் தெருவுக்கு ஒருவராவது இலங்கைச் சிறையைப் பார்த்துவிட்டு வந்திருப்பார். இவருடைய அப்பாவும் ஒருமுறை பிடிபட்டு ஊர் திரும்பியவர்தான். பயத்தைப் பற்றிக் கேட்டால் போதாது, அந்தப் பயத்துக்கு அவர் சொல்லும் காரணத்தையும் கேட்க வேண்டும். கேட்டேன்.

“மாமன் செட்டுல வந்து நான் இருக்குற இடத்தை நேவிக்குச் சொல்றாரு.”

அவருடைய தாய்மாமன் 2003இல் கடலில் இறந்தவர்.

“அவர் ஏன் சொல்லணும்?”

“நான் அவரை முழுங்கிட்டுத்தானே பொறந்தேன்.”

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா வெளியே எழுந்து போனார். குடும்பத்தில் அந்த வாக்கியம் புதிதல்ல என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

எங்கெல்லாம் போய் வந்தார்கள்

நோய் தொடங்கியதற்கும் முதல் மாத்திரைக்கும் நடுவே ஏறக்குறைய 14 மாதம் ஓடியிருக்கிறது. முதலில் உள்ளூரில் மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். பிறகு ஏர்வாடி தர்காவுக்குப் போய் ஒரு மண்டலம் தங்கினார்கள். சாதி மதம் பார்க்காமல் எல்லாரும் போகிற இடம் அது. ஏர்வாடி என்றதும் பலருக்கு 2001 ஆகஸ்ட் 6 நினைவுக்கு வரும். தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பிக்க வழியில்லாமல் 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அந்தக் காப்பகங்கள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது. இன்று தர்காவுக்கு வருபவர்கள் துவாவோடு மருந்தும் வாங்கிக்கொள்ள அரசு ஏற்பாடு இருக்கிறது. இந்தக் குடும்பத்தை மருத்துவம் பக்கம் திருப்பியதும் அங்கே பக்கத்தில் தங்கியிருந்த ஒரு திருச்சிக்காரப் பெண்மணிதான். “பிரார்த்தனை பாட்டுக்கு நடக்கட்டும், ஊசியும் போடுங்க” என்று சொன்னாராம். தர்காவுக்குப் போனதால்தான் தாமதம் என்று குடும்பத்தைத் திட்டும் பழக்கம் எங்கள் துறையில் இருக்கிறது. இந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை தாமதத்தின் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே நடந்தது. “பிறப்பிலேயே இப்படித்தான்” என்று அவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். பிறப்பிலேயே வந்ததற்கு வைத்தியம் எதற்கு?

பிறப்பு: வீட்டில் சொன்னதும் அட்டையில் இருந்ததும்

பாட்டி சொன்ன கதை இது. 2000 டிசம்பர், வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம். மாதம் முழுதாக நிறையவில்லை. காலையில் பனிக்குடம் உடைந்தது. மருத்துவச்சி பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்தும் பிள்ளை வெளியே வரவில்லை. மீன் ஏற்றும் வேன் ஒன்றைப் பிடித்து, பாலத்தைத் தாண்டி, ராமநாதபுரம் பக்கத்து மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது 2008இல்தான். இராமேசுவரம் ஊரிலிருந்து ராமநாதபுரத்துக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். பிள்ளை பிறந்தது, கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. கொடி சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது. எண்ணெயில் பிள்ளையின் முகம் தெரியும்படி பிடித்து, மாமன் அதை முதலில் பார்க்க வேண்டும். பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததால் அதைச் செய்யவில்லை. மூன்றாம் வருடம் மாமன் கடலில் போனான். பாட்டியைப் பொறுத்தவரை கதை இத்தோடு முடிந்தது.

அம்மாவிடம் வேறொன்று இருந்தது. ரேஷன் அட்டையோடு ஒரே பிளாஸ்டிக் உறையில், நான்காக மடித்து, மடிப்பில் கிழிந்துபோன டிஸ்சார்ஜ் அட்டை. வீடு மாறியும், புயல் எச்சரிக்கைக்கு முகாமுக்கு ஓடியும், அதை அவர் விடாமல் வைத்திருக்கிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இதுவரை யாரும் அவருக்குப் படித்துச் சொன்னதில்லை.

அட்டையில் இருந்தவை: கர்ப்பம் 35 வாரம். தாயின் ரத்த அழுத்தம் 160/110. சிறுநீரில் புரதம். ஹீமோகுளோபின் 8.2. குழந்தையின் எடை 1,850 கிராம். பிறந்ததும் அழவில்லை. ஆப்கார் மதிப்பெண் முதல் நிமிடத்தில் 3, ஐந்தாவது நிமிடத்தில் 6. ஆக்சிஜன் கொடுக்கப்பட்டது. இரண்டாம் நாள் ஒருமுறை வலிப்பு. பதினாறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கழுத்தில் கொடி சுற்றியிருந்ததைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஆப்கார் மதிப்பெண் என்பது வர்ஜீனியா ஆப்கார் என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் 1953இல் வெளியிட்ட முறை. குழந்தையின் நிறம், நாடித்துடிப்பு, சீண்டினால் சிணுங்குகிறதா, கைகால் முறுக்கு, மூச்சு ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை போடுவார்கள். 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவலையில்லை. இந்தக் குழந்தையின் மதிப்பெண், மூளைக்குக் கொஞ்ச நேரமாவது ஆக்சிஜன் போதவில்லை என்ற பக்கம் சாய்கிறது. மறுநாள் வந்த வலிப்பும் அதற்கு ஒத்துப்போகிறது.

கொடியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். கழுத்தில் கொடி சுற்றிப் பிறப்பது அபூர்வம் இல்லை. நிறைமாதப் பிரசவங்களில் நான்கில் ஒன்று அப்படித்தான். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. மருத்துவச்சி விரலால் தளர்த்தித் தலைக்கு மேலாக எடுத்துவிடுவார், முடிந்தது. இந்தப் பிறப்பில் ஆபத்தாக இருந்தது வேறு: தாயின் ரத்த அழுத்தம். அம்மாவிடம் கேட்டபோது, எட்டாம் மாதத்தில் கால் வீங்கியதையும், கண்ணில் பூச்சி பறந்ததையும், தலை வெடிப்பதுபோல் வலித்ததையும் வரிசையாகச் சொன்னார். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குவது சகஜம் என்று அப்போது யாரும் அழுத்தம் பார்க்கவில்லை.

வளர்ந்த விதம்

நடந்தது ஒன்றரை வயதில், கோர்வையாகப் பேசியது மூன்று வயதுக்கு மேல். பள்ளியில் சுமார். எழுத்து கோணல், பந்து பிடிக்கத் தெரியாது, கூட்டத்தில் பேசமாட்டார். அம்மா பிரசவத்துக்குப் பிறகு பல மாதம் படுக்கையாகக் கிடந்தார். பிள்ளையை வளர்த்தது பாட்டிதான். மாமன் இறந்த பிறகு சண்டை வரும்போதெல்லாம் அந்த ‘முழுங்கினவன்’ என்ற பேச்சு வந்துவிடும். மாமன் வீட்டு விசேஷங்களுக்கு இவரை அழைத்துப் போவதில்லை. காது குத்தும்போது மடியில் உட்கார வைத்துக்கொள்ள மாமன் முறைக்கு யாரும் வரவில்லை. அப்பாவே உட்கார வைத்துக்கொண்டார்.

குடும்ப மரபையும் பார்க்க வேண்டும். பெற்றோர் இருவரும் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை. இருவருக்கும் உறவான ஒரு சின்னப் பாட்டி இளம் வயதிலேயே ‘பிரமை பிடித்து’க் கடைசிவரை திண்ணையிலேயே இருந்து இறந்திருக்கிறார். அவருக்கு இருந்தது என்ன நோய் என்று இப்போது உறுதியாகச் சொல்ல வழியில்லை. வர்ணனை மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) நோயைப்போல்தான் இருக்கிறது.

பரிசோதனை

உடல் பரிசோதனை, ரத்தம், தைராய்டு எல்லாம் சரி. போதைப் பழக்கம் இல்லை. வலிப்பு வந்த குழந்தை என்பதால் இ.இ.ஜி. எடுத்தோம், வலிப்புக்கான அலைகள் இல்லை. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் சொல்லும்படி எதுவும் இல்லை. ஸ்கேனில் தெரியும் என்று அப்பா ரொம்பவும் நம்பியிருந்தார். தெரியாது, பெரும்பாலும் தெரியாது.

தெரிந்தது மேசைமேல்தான். கையை முதலில் முஷ்டியாக, பிறகு விளிம்பாக, பிறகு உள்ளங்கையாக வைத்துக் காட்டி, அதே வரிசையில் செய்யச் சொன்னோம். இரண்டாவது சுற்றிலேயே வரிசை குழம்பியது. விரல்களைக் கட்டை விரலோடு ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னபோது இடது கை தடுமாறியது. அப்பா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், “வலை பின்னுறப்பவும் இப்படித்தான், முடிச்சு போடுவான், ஆனா ஒரு ஆள் பத்து போடுற நேரத்துல இவன் நாலுதான்” என்றார். நரம்பியல் மென்குறிகள் என்று நாங்கள் எழுதிவைப்பதை அவர் பல வருடமாகப் படகில் பார்த்திருக்கிறார்.

நோய்: மனச்சிதைவு. அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை.

பிறப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு

பிரசவச் சிக்கல்களுக்கும் பிற்கால மனச்சிதைவுக்கும் உள்ள தொடர்பைப் பல நாட்டு மக்கள்தொகைப் பதிவேடுகளை வைத்துத் தேடியிருக்கிறார்கள். 2002இல் மேரி கேனன், பீட்டர் ஜோன்ஸ், ராபின் மர்ரே மூவரும் அந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது மூன்று வகைச் சிக்கல்கள் மேலே வந்தன: கர்ப்பகாலச் சிக்கல்கள் (ரத்தப்போக்கு, சர்க்கரை, உயர் ரத்த அழுத்தத்தோடு வரும் நிலை), வயிற்றில் வளர்ச்சி குன்றுதல், பிரசவ நேரச் சிக்கல்கள் (மூச்சுத்திணறல், அவசர அறுவை). நம்முடைய இளைஞருக்கு மூன்று பெட்டியிலும் டிக் விழுகிறது.

ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். அந்தத் தொகுப்பில் இந்தச் சிக்கல்களின் தாக்கம் பொதுவாக இரண்டு மடங்குக்கு உள்ளேதான். வாழ்நாளில் மனச்சிதைவு வருவது நூற்றுக்கு ஒருவருக்கு என்று வைத்துக்கொண்டால், சிக்கலோடு பிறந்த நூறு பேரில் அதிகபட்சம் இரண்டு பேர். மீதி 98 பேருக்கு வருவதில்லை. இதே தீவில் இதே டிசம்பர் மழையில், இதே மாதிரி வேனில் ஏற்றிப் பிறந்தவர்கள் இன்று டிரைவராகவும் டீச்சராகவும் இருக்கிறார்கள்.

குறைமாதம் பற்றி ஸ்வீடனிலிருந்து நல்ல தரவு இருக்கிறது. 1973 முதல் 1985 வரை பிறந்த சுமார் 13 லட்சம் பேரைத் தொடர்ந்து பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். 32 வாரத்துக்கு முன்பே பிறந்தவர்கள் மனச்சிதைவு போன்ற நோய்களுக்காக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு நிறைமாதத்தில் பிறந்தவர்களைவிட இரண்டரை மடங்கு. 32 முதல் 36 வாரத்தில் பிறந்தவர்களுக்கு 1.6 மடங்கு. மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநிலை நோயில் ஏற்றம் இன்னும் அதிகம், மனச்சோர்விலும் உண்டு. ஆக, பிறப்புச் சிக்கல் ஒரு குறிப்பிட்ட நோயின் முகவரியைக் கொண்டுவருவதில்லை. வளரும் மூளையைப் பல திசைகளிலும் கொஞ்சம் பலவீனப்படுத்துகிறது.

பிறப்பு என்று நாம் சொல்வது பிரசவ அறையில் தொடங்குவதும் இல்லை. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய முற்றுகையால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவர்களுக்கு மனச்சிதைவு ஏறக்குறைய இரு மடங்கு. சீனாவில் 1959-61 பஞ்சத்தின்போது ஆன்ஹுய் மாகாணத்தின் ஒரு பகுதியில் பிறந்தவர்களிடம் மனச்சிதைவு 0.84 சதவீதத்திலிருந்து 2.15 சதவீதமாக ஏறியது. இந்த அம்மா அந்த அளவுக்குப் பட்டினி கிடக்கவில்லை, அதனால் அந்தக் கணக்கை இவருக்கு அப்படியே பொருத்தக் கூடாது. 8.2 என்ற குறைந்த ஹீமோகுளோபினைக் கண்டுகொள்ளாமல் விடவும் கூடாது.

இன்னொரு முடிச்சு மரபு. 2018இல் வந்த ஓர் ஆய்வு, மனச்சிதைவுக்கான மரபணுச் சுமையின் தாக்கம் கர்ப்ப, பிரசவச் சிக்கல் இருந்தவர்களிடம் கூடுதலாகத் தெரிகிறது என்றும், அந்த மரபணுக்களில் ஒரு பகுதி நஞ்சுக்கொடியில் (பிளசென்டாவில்) வேலை செய்பவை என்றும் காட்டியது. சின்னப் பாட்டியின் திண்ணையும் அந்த டிஸ்சார்ஜ் அட்டையும் ஒரே கணக்கில் சேர்வதற்கு இப்படி ஒரு வழி இருக்கிறது. என் தீர்மானம் இதுதான்: இந்த நோய்க்கு மரபு ஒரு பங்கு, பிறப்பு ஒரு பங்கு, யாருடைய பங்கு எவ்வளவு என்று ஒரே ஆளை வைத்துக்கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. நோய் பேசிய பேச்சோ முழுக்க முழுக்க வீட்டுக் கதையிலிருந்து வந்தது. மூச்சுத்திணறலுக்கு மாமனைத் தெரியாது. செட்டில் மாமன் வந்ததும், 14 மாதம் வீணானதும், பிறப்பைப் பற்றி வீடு நம்பிய கதையின் வேலை.

அம்மாவின் கேள்வி

மூன்றாவது சந்திப்பில், மகன் வெளியே போயிருந்தபோது அம்மா கேட்டார்: “டாக்டரம்மா, நான் ஏழாம் மாசம் வரைக்கும் பாசிக்குப் போனேன். அதுனாலதானே?”

காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கும் வேலை அது. அந்தக் கேள்வியை 23 வருடமாக அவர் யாரிடமும் கேட்டதில்லை. மாமியார் கிரகணத்தில் வெளியே வந்ததைச் சொன்னார், ஊர் கொடியைச் சொன்னது. இவர் தன் பங்குக்குத் தன்னையே குற்றவாளியாக வைத்திருந்தார்.

அட்டையை மேசைமேல் விரித்து, 160/110 என்ற இடத்தில் விரலை வைத்து, “இல்லைம்மா. உங்களுக்குப் பிரஷர் ஏறியிருக்கு. இது நீங்க செஞ்சது இல்லை, உங்களுக்கு வந்தது. அன்னைக்கு யாராவது கையில பட்டையைச் சுத்திப் பார்த்திருந்தா மருந்து குடுத்திருக்கலாம்” என்றேன். மகனுக்கு வந்திருக்கும் நோய் அதனால் மட்டும் வந்ததல்ல என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டால் பாசி இருந்த இடத்தில் பிரஷர் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அவர் அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, “கொடின்னு எங்க எழுதியிருக்கு?” என்றார். எங்கும் எழுதவில்லை என்றேன். வீட்டுக்குப் போய் மாமியாரோடு பெரிய சண்டையாம். அதை நான் எதிர்பார்க்கவில்லை; ஆனால் அடுத்த முறை பாட்டியும் கூட வந்தார்.

சிகிச்சை

மனச்சிதைவுக்கான மருந்தான ரிஸ்பெரிடோனை 2 மி.கி. தொடங்கி 4 மி.கி. வரை ஏற்றினோம். குரல்கள் ஐந்தாறு வாரத்தில் தணிந்தன. கை நடுங்கி முடிச்சு விழவில்லை என்றார், 3 மி.கி.யாகக் குறைத்து, நடுக்கத்துக்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடில் சேர்த்தோம்.

கடற்கரையில் மருந்து எழுதுபவர்கள் படகு புறப்படும் நேரத்தையும் கேட்டு எழுத வேண்டும். ராத்திரி மாத்திரை போட்டுத் தூக்கக் கலக்கத்தோடு வலை இழுக்கும் ஆள் தவறி விழுந்தால், சிகிச்சை அவரைக் கொன்றதாகிவிடும். அதனால் முதல் சில மாதம் கடல் வேண்டாம் என்றோம். இதைச் சொல்வது எளிது, மீனவக் குடும்பத்தில் ஓர் ஆண் கரையில் நிற்பது எளிதல்ல. தடைக்காலம் எங்களுக்குக் கைகொடுத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் எல்லாமே கரையில். ‘ஏன் போகலை’ என்று யாரும் கேட்கமாட்டார்கள். அந்த இரண்டு மாதத்தில் அவர் அப்பாவோடு உட்கார்ந்து வலை சரிபார்த்தார், படகுக்குச் சாயம் அடித்தார், தூக்கம் நேரானது.

2025 ஜனவரியில் நோய் திரும்பியது. நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்தியிருந்தார். இதற்குப் பிறகு மாதம் ஒருமுறை போடும் ஊசிக்கு மாறினோம். கடலுக்குப் போகிறவருக்கு மாத்திரை டப்பாவைவிட ஊசி வசதி.

மாமன் கதையை மருந்து மட்டும் தீர்க்கவில்லை. குரல் நின்ற பிறகும் “நான் முழுங்கினவன்தான்” என்ற எண்ணம் இருந்தது, காரணம் அது நோய் கொண்டுவந்த எண்ணமே அல்ல. பாட்டியை உட்காரவைத்து, மாமன் எப்படி இறந்தார் என்று பேசினோம். இன்ஜின் நின்றுபோன நாட்டுப்படகு, கச்சான் காற்று, நீச்சல் தெரிந்தும் மூன்று பேர் போனார்கள். “மத்த ரெண்டு பேரையும் யாரு முழுங்கினது?” என்று கேட்டது இளைஞர்தான். பாட்டி பதில் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, கேட்பார் என்று நான் நினைக்கவும் இல்லை. ஆனால் அந்த வார்த்தை வீட்டில் நின்றுவிட்டது என்று அம்மா சொல்கிறார்.

இப்போது

ஐஸ் உடைக்கும் இடத்தில் பகல் வேலை பார்க்கிறார். வாரத்துக்கு ஒருமுறை, அப்பா கூட இருந்தால் மட்டும், கரைக்கு அருகே போய்வரும் வத்தையில் ஏறுகிறார். வயர்லெஸ் செட் இல்லாத படகு, அவரே தேர்ந்தெடுத்தது. சுறுசுறுப்புக் குறைவும் ஆட்களோடு பழகத் தயங்குவதும் அப்படியே இருக்கின்றன. இவை நோய் வருவதற்கு முன்பும் இருந்தவை என்பதால் மருந்தைக் கூட்டி விரட்டப் போவதில்லை.

தங்கைக்கு இது ஆறாம் மாதம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் அம்மாவின் பழைய அட்டையைக் காட்டச் சொன்னோம், ஏனென்றால் தாய்க்குக் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறியிருந்தால் மகளுக்கும் ஏற வாய்ப்பு கூடுதல். செவிலியர் பதிவேட்டில் சிவப்பு மையில் குறித்துக்கொண்டார்; இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அழுத்தமும் சிறுநீரும் பார்க்கிறார்கள். போன வாரம் 138/88. மகப்பேறு மருத்துவர் மாத்திரை தொடங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். 36 வாரம் ஆனதும் ராமநாதபுரத்தில் உறவுக்காரர் வீட்டில் போய்த் தங்குவது என்று முடிவாகியிருக்கிறது. குழந்தைக்குத் தாய்மாமன் என்ற முறையில் ஆஸ்பத்திரிக்கு யார் கூடப் போவது என்பதில் மட்டும் பாட்டிக்கும் அம்மாவுக்கும் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. இளைஞரே போகலாம் என்று நாங்கள் சொல்லியிருக்கிறோம். அவருடைய மாத ஊசிகளில் ஒன்று பிரசவத் தேதிக்கு ஒரு வாரம் முன்பு வரும்படி தேதிகளை மாற்றி எழுதியிருக்கிறேன்.